பழைய வண்டிக்குப் புது வயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் 1986 மாடல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. அதன் வயரிங்கை முழுவதும் கழற்றி, புதிதாகக் கட்டி, திரும்ப ஏற்றினேன். அதன் பிறகு, வேலந்தாவளத்திலிருந்து பொள்ளாச்சி வரை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு வயரில்தான் போய் நிற்கிறது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அம்பாசடர் கணக்கில் இருக்கும். ஃபியட், ஜீப், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

வயரிங்கை மொத்தமாக மாற்றியே ஆக வேண்டுமா? கெட்டுப்போன இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் போதாதா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கம் போகும் ஏதாவது ஒரு வயரை விரலில் சுற்றி வளையுங்கள். மேல்தோல் வெடித்தால் அந்தப் பகுதி முடிந்துவிட்டது. நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், மார்ச் ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் நின்று, எஞ்சின் சூட்டையும் சேர்த்து வாங்கிய பி.வி.சி. 30 வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, முனையில் ஒரு அங்குலம் தோலை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் நல்லது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் வெட்டிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பென்றால் அந்த வயரில் ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

டேஷ்போர்டுக்கு உள்ளேயும், பின்னால் டிக்கிக்குப் போகும் பகுதியிலும் வயர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். என் வண்டியில் நடுப்பகுதி வயர்களில் பாதி இன்னும் புதிது போல இருந்தன. பழுதெல்லாம் முனைகளில்தான்: லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), கப்லர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்), எர்த் போல்ட் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வயரைப் பாடியில் இறுக்கும் போல்ட்), அப்புறம் முன்பு வைத்திருந்தவர்கள் போட்ட ஜாயிண்ட். டேப் ரெக்கார்டர், ஃபேன், ஃபாக் லைட், பாட்டு ஹாரன் என்று ஆளுக்கொன்றாகச் சேர்த்திருந்தார்கள். வெட்டி எடுத்த ஜாயிண்ட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எண்ணினேன், 41 இருந்தன. ஒட்டுப் போடுவதா மொத்தமாக மாற்றுவதா என்ற கேள்விக்கு எனக்கு அந்த டப்பாவே பதில் சொல்லிவிட்டது.

ரெடிமேட் வயரிங் கிட் கடையில் கிடைக்கிறதே, அதை வாங்கி மாட்டிவிடலாமே?

மாட்டலாம். உங்கள் வண்டி ஒரிஜினலாகவே இருந்து, மாடலும் சரியாகப் பொருந்தினால் அதுதான் சுலபம். ஆனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு முனையை உரித்துப் பாருங்கள். சில மலிவான கிட்டுகளில் தோல் தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நூல் போல இருக்கும். ஹெட்லைட் வயருக்கும் நம்பர் பிளேட் பல்ப் வயருக்கும் ஒரே தடிமன் என்றால் அந்த கிட் வேண்டாம்.

நானே கட்டுகிறேன் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பேப்பரில். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம். வண்டியில் கரண்ட் எடுக்கும் சாமான் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் எத்தனை வாட்ஸ் என்று போடுங்கள். வாட்ஸை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 21 வாட்ஸ் பிரேக் பல்ப் இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர். 60 வாட்ஸ் ஹெட்லைட் இரண்டு என்றால் 10 ஆம்பியர். இனிமேல் சேர்க்கப் போவதையும் (மொபைல் சார்ஜர், ஃபேன், ஃபாக் லைட்) இப்போதே எழுதிவிடுங்கள். வயரிங் கட்டி முடித்தபின் வரும் ஆசைகள்தான் அடுத்த 41 ஜாயிண்ட்.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முனையையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். "சிவப்பு வயர்" என்று எழுதாதீர்கள், "இடது பார்க் லைட்" என்று எழுதுங்கள். பழைய வயரிங்கை வெட்டாமல் முழுதாக உருவி எடுக்க வேண்டும். அதுதான் உங்களுக்கு அளவுகோல். எனக்கு இதற்கே இரண்டு நாள் ஆனது. கட்டுக்கம்பி துருப்பிடித்து பாடியோடு ஒட்டியிருந்தது.

எட்டடிக்கு நான்கடி ப்ளைவுட் ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் பழைய வயரிங்கை வண்டியில் கிடந்த மாதிரியே விரித்தேன். கிளை பிரியும் இடத்திலெல்லாம் இருபக்கமும் ஆணி அடித்தேன், முனைகள் முடியும் இடத்திலும் ஒரு ஆணி. பழையதை எடுத்துவிட்டால் பலகையில் ஆணிகளே வரைபடமாக நிற்கும். அதன் வழியே புது வயரை ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டியதுதான். முனையில் அரையடி கூடுதலாக விடுங்கள். வெட்டிக் குறைப்பது சுலபம்.

கலர் பார்த்து வயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதனால் லூகாஸ் (அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டி மின்சாமான் கம்பெனி) கலர் முறை பெரும்பாலும் பொருந்தும். கறுப்பு என்றால் எர்த். பிரவுன் என்றால் சாவி போடாமலே எப்போதும் கரண்ட் இருக்கும், ஃபியூஸும் கிடையாது. இதுதான் ஆபத்தான வயர். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவி போட்டு ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா, ஃபியூஸ் உண்டு ஆனால் எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு, பார்க் லைட். நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது.

இது தொழிற்சாலையிலிருந்து வந்த வயருக்குத்தான். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டதோ. என் வண்டியில் பிரேக் லைட்டுக்கு மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று கலரில் ஒரே வயர் போய்க்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை வயரின் இரு முனையிலும் வைத்து பீப் சத்தம் கேட்கும் வரை கலரை நம்பாதீர்கள். புதிதாகக் கட்டும்போது மட்டும் இந்த முறையையே பின்பற்றுங்கள். நாளைக்கு பாலக்காட்டுச் சித்தூரில் வண்டி நின்றாலும் அங்கிருக்கும் மெக்கானிக் சேட்டனுக்குப் புரிய வேண்டுமல்லவா.

இன்னொன்று, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். உங்களுடையது அறுபதுகளின் வண்டி என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

எந்த வயர் வாங்குவது? வீட்டு வயர் மிச்சம் கிடக்கிறது, அதைப் போடக்கூடாதா?

வேண்டாம். வீட்டு பி.வி.சி. வயரின் தோல் 70 டிகிரி சூட்டுக்கானது, எண்ணெயும் பெட்ரோலும் படுவதற்கும் செய்யப்பட்டதல்ல. வண்டிக்கென்று வரும் மெல்லிய தோல் வயர் 105 டிகிரி தாங்கும், கட்டும் பருமனாகாது. கோவை உக்கடம் பக்கம் போனால் மீட்டர் கணக்கில் கலர் கலராக வாங்கலாம்.

நான் போட்ட தடிமன்: மீட்டர் பல்புகளுக்கும் ரிலேயை (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இயக்கும் வயருக்கும் 0.75 சதுர மில்லிமீட்டர். பார்க், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு 1. ஹாரன், வைப்பருக்கு 1.5. ஹெட்லைட்டுக்கு 2.5. ஆல்டர்னேட்டரிலிருந்து (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) பேட்டரிக்கு 6. செல்ஃப் மோட்டார் கேபிள் தனி, அது 25-க்குக் குறையக்கூடாது. நீளம் கூடினால் ஒரு சைஸ் ஏற்றிப் போடுங்கள்.

ஜாயிண்ட்டை சால்டர் வைப்பதா (ஈயம் உருக்கி ஒட்டுவது), கிரிம்ப் செய்வதா (லக்கை வயர்மேல் அழுத்தி மடக்குவது)?

கிரிம்ப். நல்ல கிரிம்பிங் பிளேயர் ஒன்று வாங்குங்கள், கையில் இருக்கும் சாதாரணக் கட்டிங்பிளேயரால் நசுக்காதீர்கள். சால்டர் வைத்தால் ஈயம் வயருக்குள் கொஞ்ச தூரம் ஏறி அந்த இடத்தைக் கம்பி போல விறைக்க வைக்கும். வண்டி ஆட ஆட, விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். லக்கில் செம்பைப் பிடிக்கும் காது ஒன்று, தோலைப் பிடிக்கும் காது ஒன்று இருக்கும். இரண்டும் மடங்க வேண்டும். மடக்கியபின் கையால் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது இப்போதே வந்தது நல்லது.

சால்டரே கூடாது என்று சொல்லமாட்டேன். அசையாத இடத்தில் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டு, இருபக்கமும் கட்டிவிட்டால் பல வருடம் ஓடும். முறுக்கி டேப் சுற்றுவதுதான் கூடவே கூடாது.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. அதிக வாட்ஸ் பல்ப் போடலாமா?

இதுதான் எல்லோரும் கேட்பது, எல்லோரும் தப்பாகச் செய்வதும் இதுதான்.

ராத்திரி கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய்ப் பாருங்கள், எதிரே லாரி வந்தால் நம் வண்டியில் லைட் எரிகிறதா என்றே சந்தேகம் வரும். நானும் பல்ப் மாற்றினேன், ரிஃப்ளெக்டர் மாற்றினேன். பிறகு ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பல்பின் பின்னால், லைட் எரியும்போது, 11.8. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

எங்கே போனது? பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் முதலில் டேஷ்போர்டுக்குப் போகிறது. லைட் ஸ்விட்ச், அங்கிருந்து டிப்பர் ஸ்விட்ச் (பிரைட், டிம் மாற்றுவது), மறுபடி கப்லர்கள் வழியாக முன்பக்கம் திரும்பி வந்துதான் பல்பைத் தொடுகிறது. 10 ஆம்பியர் போகும் பாதையில், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஐந்து மீட்டர் ஓடினாலே 0.8 வோல்ட்டுக்கு மேல் விழும். மீதியைத் தேய்ந்த ஸ்விட்ச் முனைகள் தின்றுவிடும். ஃபிலமென்ட் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட அதிகமாகக் குறையும்: வோல்ட் பத்து சதவீதம் விழுந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். இந்த நிலையில் 100 வாட்ஸ் பல்ப் போட்டால் கரண்ட் இன்னும் ஏறும், வோல்ட் இன்னும் விழும், டிப்பர் ஸ்விட்ச் உருகும்.

வழி ரிலேதான். பேட்டரியிலிருந்து நேராக 2.5 வயர் ஒன்றை, பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டு, ரேடியேட்டர் ஓரம் வைத்த இரண்டு ரிலேக்களின் 30-ஆம் முனைக்குக் கொண்டு வாருங்கள். 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய பிரைட் வயர் ஒரு ரிலேயின் 86-க்கும், டிம் வயர் மற்றதன் 86-க்கும் போகட்டும். இரண்டு 85-ம் எர்த். முனை நம்பர்கள் ரிலேயின் அடியிலேயே அச்சாகியிருக்கும். இப்போது ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கும் கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான், 10 ஆம்பியர் நேர்வழியில் போய்விடும். பல்பின் எர்த்தையும் அதே தடிமனில் புதிதாகப் போடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

ரிலே போட்டபின் அதே பல்பில் 13.4 வோல்ட். பல்பை மாற்றவே இல்லை, 60/55 வாட்ஸ்தான் (பிரைட் 60, டிம் 55). இடது வலது பல்புகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள். ஒன்று போனாலும் இன்னொரு கண் இருக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மின்னுகிறது. வயரிங் முழுக்க ஷார்ட்டா?

ஷார்ட் அல்ல, எர்த் விட்டுப்போயிருக்கிறது. பின்விளக்கின் எர்த் விட்டுப்போனால், கரண்ட் திரும்பிப் போக வழி தெரியாமல் பக்கத்து பல்பின் ஃபிலமென்ட் வழியாகப் போகும். அதனால்தான் தொட்டது ஒன்று, எரிவது இன்னொன்று.

இதற்காக என் வண்டி இரண்டு ஊர் எலக்ட்ரீஷியனிடம் போய்வந்தது. ஒருவர் ஃபிளாஷரை (இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்னவைப்பது) மாற்றினார், இன்னொருவர் காம்பினேஷன் ஸ்விட்சையே மாற்றச் சொன்னார். கடைசியில் வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு பெரியவர் டிக்கி ஓரத்து விரிப்பை விலக்கி, டார்ச் அடித்து, "ஏனுங்க, பெயிண்ட் மேல போல்ட் போட்டா கரண்ட் எப்படிங்க போகும்?" என்று சிரித்தார். பாடிக்கு பெயிண்ட் அடித்தபோது எர்த் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்திருந்தார்கள்.

அவர் செய்தது இவ்வளவுதான்: போல்ட்டைக் கழற்றி, எட்டணா நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தகடு வெள்ளையாகும் வரை தேய்த்தார். புது லக், பல் வைத்த வாஷர், போல்ட், மேலே கொஞ்சம் வாசலின். பத்து நிமிடம்.

அன்றிலிருந்து யார் என்ன கோளாறு சொன்னாலும் நான் முதலில் எர்த்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரியிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு, முன்விளக்கு, பின்விளக்கு, டேஷ்போர்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று தனி எர்த் பட்டை கட்டாயம். அது அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், கேபிள் சூடாகிப் புகையும்.

ஃபியூஸ் எத்தனை வேண்டும்?

பழைய வண்டிகளில் ஃபியூஸை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஹாரன் ஷார்ட்டானால் சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் சேர்ந்து நின்றுவிடும். மாருதி போன்ற வண்டிகளின் பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். கலரே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

ஃபியூஸ் காப்பது வயரை. பல்பையோ ரேடியோவையோ அல்ல. ஆகவே வயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதென்று பெரியதாகப் போட்டால் அடுத்து போவது வயர். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நான் ஒரு முறை அந்த வயரை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் வளையம்) போடாமல் உருவிவிட்டேன், நாளைக்குப் போடலாம் என்று. தகட்டு விளிம்பு தோலை அறுத்தது. வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு முன்னால் டேஷ்போர்டிலிருந்து புகை. பேட்டரி முனையைக் கழற்ற ஸ்பேனர் தேடிய அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். இப்போது பேட்டரியில் திருகிக் கழற்றும் கட்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கிறது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால் வயரிங்கில் என்ன மாறும்?

அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ பெரும்பாலும் 22 ஆம்பியர் அளவுக்குத்தான் தரும், அதுவும் வேகமாக ஓடும்போது. ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலேயே கணிசமாகத் தரும். மாற்றினால், டைனமோவின் சார்ஜை ஒழுங்குபடுத்திய பழைய கட்-அவுட் பெட்டிக்கு வேலையில்லை. சார்ஜ் வயரைத் தடிமனாக்கி நேராகப் பேட்டரி பக்கம் கொண்டுபோங்கள். டேஷ்போர்டில் பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தால் முழுக் கரண்ட்டையும் அதன் வழியே விடாதீர்கள், வோல்ட் மீட்டர் போதும்.

சார்ஜ் லைட் பல்பை அலட்சியம் செய்யாதீர்கள். பல வகை ஆல்டர்னேட்டர்கள் எழும்பத் தேவையான முதல் கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸ் போனாலோ, அங்கே எல்.இ.டி. போட்டாலோ சார்ஜ் ஏறாமல் அடம்பிடிக்கும். ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வந்தால் எல்லாம் சரி.

இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டேன், படபடவென்று அடிக்கிறது.

பழைய ஃபிளாஷர் பல்ப் இழுக்கும் கரண்ட்டை வைத்து வேலை செய்வது. எல்.இ.டி. கொஞ்சம்தான் இழுக்கும், அதனால் பல்ப் போய்விட்டதென்று நினைத்து வேகமாக அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போடுங்கள்.

எலி கடிக்கிறதே?

தென்னந்தோப்பு ஷெட்டில் வண்டி நிற்கிறதென்றால் கடிக்கத்தான் செய்யும். நாப்தலின் உருண்டை, புகையிலை எல்லாம் போட்டுப் பார்த்தேன், என் வீட்டு எலிகள் அசரவில்லை. வாரம் இரண்டு நாளாவது வண்டியை எடுப்பதும், ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பதும்தான் கொஞ்சம் பலித்தது. இருட்டான மூலை இல்லாவிட்டால் அதற்குப் பிடிக்காது.

எல்லாம் கட்டியாயிற்று. பேட்டரி கொடுக்க பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். பேட்டரியின் ஒரு முனையை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு 21 வாட்ஸ் பிரேக் பல்பை வைத்துக் கொடுங்கள். எல்லா ஸ்விட்சும் ஆஃப். பல்ப் எரியவில்லையென்றால் நல்ல சேதி. முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ நேராக ஷார்ட், ஆனால் பல்ப் இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் எதுவும் கருகாது. அப்படியே எரியவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ அந்த வழியில் ஷார்ட். எனக்கு அது நம்பர் பிளேட் லைட்டில் இருந்தது. ஸ்க்ரூ ஒன்று வயரைக் குத்தி நின்றது.

ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

பழுதான வயருக்குப் பதில் புது வயர் போடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. ரிலேயும் ஃபியூஸும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளப் பக்கம் கலர் லைட், கண் கூசும் லைட் பட்டை போன்றவற்றைப் பார்த்தால் விடமாட்டார்கள். 15 வருடம் முடிந்து ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்கும் வண்டி என்றால் லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். போவதற்கு முன்தினம் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்திச் சரிபாருங்கள்.

பழைய வயரிங்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

செம்பு விலைக்காக, பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரர் வந்து கேட்பார். ஒரு வருடமாவது கொடுக்காதீர்கள். என்னுடையது இன்னும் ஷெட்டில் கொக்கியில், பெயர் எழுதிய டேப்போடு தொங்குகிறது. போன ஜூலையில் வைப்பர் மோட்டாரில் எந்த வயர் எந்த முனை என்று குழப்பம் வந்தபோது அதை இறக்கித்தான் பார்த்துக்கொண்டேன்.